ட ரீச்சர்

…பாட்டாம் அண்ணன், பாட்டு! எழுத்துப் படிக்க அனுப்பின புள்ளைக்குப் பாட்டு! நீங்களே சொல்லுங்க, நாம படிச்ச காலத்தில ஆராவது நமக்கு ‘அ’னாவப் பாடிக் காட்டினாங்களா? பிரம்பால மேசையில ஒரு தட்டு. ‘அ’ எண்டா ‘அ’. முடிஞ்சிது. இப்ப என்னடா எண்டா… கொஞ்சம் கையை எடுங்க, அந்த ஸ்குரூ உருண்டிரும். ஆ, அப்பிடித்தான். அந்த ஸ்டூல்ல இருங்க. கெதியா முடியிற வேல இல்ல இது. போனை ஆத்துக்குள்ள விழுத்திப்போட்டு உடன தாங்க எண்டா எப்பிடி? நம்மட ஆத்தில உப்புத்தண்ணியெல்லா, அது உள்ளுக்குப் போயிரிக்கு. இஞ்ச பாருங்க, பச்சை பூத்துக் கிடக்கு. தோணியில எழும்பி நிண்டு செல்பி எடுத்தீங்களாக்கும்… சரி சரி, நான் கேக்கல்ல.

எங்க விட்டன்? ஆ, பாட்டு.

எங்கட மகள் ஆர்த்திகா இந்த வருசந்தான் முதலாம் ஆண்டு. இந்தா, இந்த ரோட்டால உள்ளுக்குப் போனா வாற பள்ளிக்கூடந்தான். பேர் சொல்லமாட்டன். பேரச் சொன்னா மறுகா அதுக்கும் ஒரு பிரச்சினை வரும். அங்க ஒரு ரீச்சர், யசோதினி எண்டு. தேத்தாத்தீவால ஸ்கூட்டியில வாறவ. புது நியமனம். சின்ன வயசுதான். வந்த கையோட சுவரில கிடந்த எழுத்து அட்டையெல்லாம் கழட்டிப்போட்டு, புள்ளைகள வட்டமா நிக்க வச்சுப் பாட்டுப் படிக்கத் தொடங்கிற்றா. பாட்டுப் படிக்கிறதும் படிப்பும் ஒண்டா அண்ணன்? சொல் ஒண்டுதான், அதுக்காக?

பாட்டெண்டா என்ன பாட்டு தெரியுமா? ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பாட்டு. பாட்டோட ஆட்டம். ‘ட’ இரிக்கெல்லா, ‘ட’. அதுக்கு என்ன படிக்கா எண்டா,

‘மேல இருந்து வழுக்கி வாறன்
கீழ வந்து காலை நீட்டுறன்
ட ட ட… டக்கெண்டு குந்துறன்!’

படிச்சுப்போட்டு, தொப்பெண்டு நிலத்தில குந்துறா! சாறியோட! முதுகு நேரா, கால் ரெண்டும் முன்னுக்கு நீட்டி. பக்கத்தில நிண்டு பாத்தா ‘ட’ மாதிரி இருக்குமாம். முதுகு நிமிர்ந்த கோடு, கால் கீழ்க் கோடு. எப்பிடி? அரசாங்கம் சம்பளம் குடுத்து ரீச்சர நிலத்தில குந்த வச்சிரிக்கு!

சிரிக்காதீங்க. உங்கட வீட்ட நடந்தாத் தெரியும். எங்கட வீட்ட எங்க பாத்தாலும் ‘ட’. குசினிக்குள்ள நடுவுல ‘ட’. மனிசி சுடுகறிச் சட்டியோட வரக்குள்ள காலுக்குள்ள ‘ட’. கட்டிலுக்கு மேல ‘ட’. கிணத்தடியில உடுப்பு முழுக்கச் சேறு, கேட்டா அதுவும் ‘ட’. நாய்க்கும் படிப்பிக்கா. அது பாவம், காலை நீட்டினா வால் இடிக்குது, அதுக்கு வேற எழுத்தாம்.

நான் ஒருநாள் பேப்பர விரிச்சு வச்சு, தலைப்பில ஒரு எழுத்தக் காட்டி, ‘இது என்ன புள்ள?’ எண்டு கேட்டன். சும்மா கேட்டன். உடன சொல்லோணும்தானே? இல்ல. தொடக்கத்தில இருந்து பாட்டு! முதலாவது எழுத்துக்குப் படிச்சு, ரெண்டாவதுக்குப் படிச்சு, கல்முனை பஸ் மாதிரி ஒவ்வொரு ஹோல்ட்டிலயும் நிண்டு நிண்டு நான் காட்டின எழுத்துக்கு வந்து சேரக்குள்ள எனக்குக் கடை திறக்கிற நேரம் போயிற்று. இதா படிப்பு? பேங்கில போய் போம் நிரப்பக்குள்ள பாடிப்பாடியா நிரப்புவா?

அதுவும் எங்கட புள்ளை கொஞ்சம்… மெதுவாக் கதைக்கும். திக்குவாய் எண்டெல்லாம் சொல்லப்படா. சொல்லு தொண்டையில கொஞ்சம் நிண்டு வரும், அவ்வளவுதான். டொக்டரிட்டயும் காட்டினம். வயசு போகப் போகச் சரிவரும், நெருக்காதீங்க எண்டார். ஆனா பாக்கிற எங்களுக்குத்தானே தெரியும். முன்கடைக்குப் போய் சீனி கேட்டா ‘சீ’யிலயே நிண்டிரும். பின்னால நிக்கிறவன் சிரிப்பான். கடைக்காரன் பாவம் பாத்து ‘சீப்பா புள்ள?’ எண்டு எடுத்துக் குடுப்பான். புள்ளை ஒண்டும் பேசாம சீப்போட வீட்ட வந்து நிக்கும். அந்த முகத்தப் பாக்க ஏலா அண்ணன்.

அப்ப நான் என்ன நினைப்பன்? இந்தப் புள்ளைக்கு வாய்தான் கொஞ்சம் பிந்தும், கண்ணும் கையும் முந்தோணும். எழுத்து டக் டக்கெண்டு வரோணும், எழுதிக் காட்டி எல்லாரையும் வாயடைக்கப் பண்ணோணும் எண்டுதானே? அதுக்கு அனுப்பின இடத்தில வட்டமா நிண்டு ஆட்டம் எண்டா தகப்பனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

போனன். பள்ளிக்கூடத்து அதிபரிட்டப் போனன். ‘சேர், இது பள்ளிக்கூடமா, நாடகக் கொட்டிலா?’ எண்டு கேட்டன். அந்தாள் கண்ணாடியக் கழட்டித் துடைச்சுக்கொண்டு, ‘திவாகரன், புள்ளை சந்தோசமா வருகுதா இல்லையா, அதச் சொல்லுங்க’ எண்டார். சந்தோசமா வர அது என்ன, பின்னேரம் காத்து வாங்கக் கல்லடிப் பாலமா? ரீச்சரையும் கூப்பிட்டார். அவ வந்து, ‘ஆர்த்திகாட அப்பா, நீங்களும் ஒருநாள் வகுப்பில வந்து இருந்து பாருங்களேன்’ எண்டா. சிரிச்ச முகத்தோடதான் சொன்னா, பொய் சொல்லப்படா. எனக்கு இன்னும் ஏறிற்று. கடையப் பூட்டிப்போட்டு வந்து நானும் காலை நீட்டிக்கொண்டு குந்தவா எண்டு கேட்டுட்டு வந்திட்டன்.

பொறுங்க… இந்தப் பற்றரி ஊதிக் கிடக்கு. இது வேற மாத்தோணும். ஓம், என்னட்ட இரிக்கு. பயப்பிடாதீங்க, பழசப் போட்டு ஏமாத்திற ஆளில்ல நான்.

மறுகா என்ன நடந்திச்செண்டா, எவனோ ஒருத்தன் அத வீடியோ எடுத்து பேஸ்புக்கில போட்டுட்டான். நீங்க பாக்கல்லயா? கல்குடாப் பக்கமெல்லாம் போயிருக்குமே! ரீச்சர் பாடிப் பாடி வந்து தொப்பெண்டு குந்துற துண்டு மட்டும். மேல எழுதியும் இரிக்கு, ‘இதுக்குத்தான் சம்பளம்’ எண்டு. அவ்வளவுதான். மட்டக்களப்பான் ஒருத்தனும் மிச்சமில்ல, எல்லாரும் பாத்திட்டான். வெளிநாட்டில இருக்கிறவனும் பாத்திட்டான். கீழ எழுதியிரிக்கிறானுகளே அண்ணன், வாசிக்க ஏலா. ஒருத்தன் அவட உடம்பப் பத்தி எழுதிறான். ஒருத்தன் அதுக்கு சினிமாப் பாட்ட ஒட்டித் திரும்பப் போடுறான். ஒருத்தன் அவ குந்துறதயே திருப்பித் திருப்பிக் குந்த வச்சிரிக்கான். வேலை வெட்டி இல்லாத சனம்! ஒரு குமர்ப்புள்ளையெண்டு ஒரு இரக்கம் வேணாமா?

‘ட ரீச்சர்’ எண்டு பேர் வச்சிட்டானுகள். சந்தியில நிக்கிற காவாலிக் கூட்டம் இரிக்கெல்லா, ஸ்கூட்டி வரக்குள்ள வரிசையாக் காலை நீட்டிக்கொண்டு குந்துறானுகள். ‘ட… ட… ட…’ எண்டு கத்துறானுகள். அவ கொஞ்ச நாள் அந்தப் பக்கம் பாக்காமப் போனா. மறுகா ஸ்கூட்டிய விட்டுப்போட்டு பஸ்ஸில வந்தா, சாறித் தலைப்பால முகத்த மூடிக்கொண்டு. பஸ்ஸிலயும் விட்டானுகளா? கண்டக்டர் தேத்தாத்தீவு வரக்குள்ள ‘ட இறங்கு’ எண்டிருக்கான். நாசமாப் போவான்.

இதெல்லாம் அந்த வகுப்பு யன்னலால வந்த வினை. கம்பியும் இல்ல, திரைச்சீலையும் இல்ல. பள்ளிக்கூடமெண்டா யன்னலுக்கு ஒரு சீலை போடோணும்தானே? வெயில் வேற நேர அடிக்குது. நான் போனப் பிடிக்கக்குள்ளகூட வெளிச்சம் எதிர்ப்பக்கம் விழுந்து முகம் சரியாத் தெரியா எண்டுதான் நினைச்சன்…

…

என்ன பாக்கிறீங்க?

ஓம் அண்ணன். நான்தான் போட்டன்! அதுக்கென்ன இப்ப? புள்ளை விட்டுட்டுப் போன தண்ணிப் போத்தலக் குடுக்கப் போனன். அவ குந்துறத யன்னலால கண்டன். எடுத்தன். நாலு பேர் பாத்து நியாயம் கேக்கட்டும், கல்விக் கந்தோரில இருக்கிறவன் ஒருத்தன் பாக்கட்டும் எண்டு போட்டன். நாடு முழுக்கப் பாத்தா நான் என்ன செய்ய? நான் எழுதினது சம்பளத்தப் பத்தி மட்டும். மத்ததெல்லாம் நான் எழுதினதா? நான் சொல்லியா அவனுகள் சந்தியில குந்தினவனுகள்?

அழிச்சிட்டன். அடுத்த கிழமையே அழிச்சிட்டன். அழிச்சென்ன? இஞ்ச திருத்த வாற போனிலயே இரிக்கு. டிஸ்பிளே மாத்தி, வேலை செய்யுதா எண்டு பாக்க ஒரு வீடியோவத் தட்டினா, அதுதான் வருகுது. ஆர்ட போனில எண்டு கேக்காதீங்க. வேலை முடிச்சுக் குடுக்கிற ஒவ்வொரு போனிலயும் அவ வந்து என்ட மேசையில குந்துறா.

உங்கட போனில இல்லத்தானே? சரி. விடுங்க.

நான் கேட்டது நடந்திச்சு அண்ணன், அதச் சொல்லோணும். ரீச்சர் பாட்ட விட்டுட்டா. அட்டை திரும்பச் சுவருக்கு வந்திச்சு. கையில ஒரு தடி. எழுத்தத் தொட்டுத் தொட்டு, ‘சொல்லுங்க’ எண்டா புள்ளைகள் சொல்லுதுகள். மற்றப் பெற்றாருக்கெல்லாம் பெரிய சந்தோசம். இப்பதான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம் மாதிரி இரிக்கு எண்டு ஒருத்தன் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தான். குடிச்சன். வேணாமெண்டா சொல்லுவன்?

எங்கட வீடுந்தான் அமைதியாயிற்று. குசினியில ‘ட’ இல்ல. கிணத்தடியில ‘ட’ இல்ல. நாய்க்கும் நிம்மதி. நான் பேப்பர விரிச்சு வச்சு ‘இது என்ன?’ எண்டா, புள்ளை எழுத்தப் பாக்கும், என்னைப் பாக்கும், வாயத் திறக்கும், அப்பிடியே நிக்கும். மறுகா வாயும் திறக்கிறல்ல. காலையில பள்ளிக்கூடம் எண்டா வயித்துக்குத்து. சப்பாத்த ஒளிச்சு வைக்கும். முந்தி ‘அப்பா, தண்ணி’ எண்டு எப்பிடியும் கேட்டு வாங்கிற புள்ளை, இப்ப கையக் காட்டுது.

மனிசி என்னோட கதைக்கிறல்ல. சோத்தப் போட்டு மூடி வச்சிட்டு அங்கால போயிருவா. ஒருநாள் நான்தான் கேட்டன், நான் என்ன கொலையா செய்தன் எண்டு. அப்ப சொன்னா, ‘பாடக்குள்ள புள்ளை ஒருக்காலும் திக்கல்ல. ஒரு சொல்லும் நிக்கல்ல. அது உங்கட காதுக்குக் கேக்கல்லயா?’

எப்பிடிக் கேக்கும்? பாட்டெண்டாலே நான் எரிஞ்சு விழுந்துகொண்டிருந்தன். புள்ளை பாடக்குள்ள ரீவிச் சத்தத்தக் கூட்டி வச்ச ஆள் நான்.

அட, இவளுக்குத் தெரிஞ்சிருந்தா முந்தியே சொல்லியிருக்கலாந்தானே? எல்லாம் நடந்து முடிஞ்சாப் பிறகுதான் பொம்புளையள் வாயத் திறப்பாங்க!… இல்ல. சொன்னவதான். நான்தான் அப்பவும் ரீவி பாத்துக்கொண்டிருந்தன்.

பிறகென்ன, தேத்தாத்தீவுக்கு ரீச்சர்ட வீட்டுக்குப் போனம், ரெண்டு பேருமா. மனிசி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினா. நான் வேணாமெண்டன், ஆஸ்பத்திரிக்கு வருத்தம் பாக்கப் போற மாதிரி இரிக்குமெண்டு. வாசலில ரீச்சர்ட தாய் கதிரை போட்டுத் தந்தா, தேத்தண்ணியும் தந்தா. சீனியே இல்ல. வேணுமெண்டுதான் போடல்ல, எனக்குத் தெரியும். ரீச்சர் வந்து கதவோட நிண்டா. ‘சொல்லுங்க ஆர்த்திகாட அப்பா.’ ‘அது… பகிடிக்குப் போட்டது ரீச்சர்’ எண்டன். மனிசி என்ட காலை மிதிச்சா. பிறகு, ‘பிழைதான்’ எண்டன். இந்தக் கடையில நாள் முழுக்கக் கதைக்கிற வாய், அங்க அந்த ஒரு சொல்லுக்கு நான் பட்ட பாடு!

அவ கோவப்பட்டிருந்தா எனக்கு நல்லம். நாலு ஏச்சு ஏசியிருந்தா நானும் நாலு கதைச்சிட்டு வந்திருப்பன். அவ ஏசல்ல. ‘நான் உங்களோட கோவிக்கல்ல. எனக்குப் பாட்டு வருகுதில்ல. தொடங்குவம் எண்டு வாயத் திறந்தா, கண் யன்னலுக்குப் போகுது’ எண்டா. அவ்வளவுதான். உள்ளுக்குப் போயிற்றா. பழத்த தாய் வாங்கல்ல. திரும்ப நாங்கதான் கொண்டு வந்து நாங்கதான் சாப்பிட்டம்.

வீட்ட வந்து நானே பாடிப் பாத்தன். சிரிங்க, சிரிங்க. கதவப் பூட்டிப்போட்டு, ‘மேல இருந்து வழுக்கி வாறன்’ எண்டு தொடங்கினன். ராகம் எங்கயோ போகுது, நான் எங்கயோ போறன். குந்தப் போய் இடுப்புப் பிடிச்சுக்கொண்டிது. புள்ளை காதப் பொத்திக்கொண்டு தாய்க்குப் பின்னால போயிற்று. போன் திருத்திறவன் பாடினா வேறென்ன நடக்கும்?

இந்தா… பத்துது பாருங்க உங்கட போன்! வந்திற்று வெளிச்சம். பொறுங்க பொறுங்க, எழும்பாதீங்க, இன்னும் மூடல்ல. இதையும் கேட்டுட்டுப் போங்க.

போன திங்கக்கிழமை. புள்ளை இந்த முறை சாப்பாட்டுப் பெட்டிய விட்டுட்டுப் போயிற்று. மனிசி ‘நீங்களே கொண்டு போங்க’ எண்டு கையில திணிச்சிட்டா. போனன். அதே யன்னல். அதுக்கு இன்னும் சீலை போடல்ல, இந்த நாட்டில ஒரு வேலை நேரத்துக்கு நடக்குமா? நான் தூண் மறைவில நிண்டன். ரீச்சர் தடியால ‘ட’வத் தொட்டு, ‘ஆர்த்திகா’ எண்டா.

புள்ளை எழும்பிச்சு. வாயத் திறந்திச்சு. ‘ட்… ட்…’ வருகுதில்ல அண்ணன். கழுத்து நரம்பு புடைக்குது, கண் நிறைஞ்சு வருகுது. சொல்லு வருகுதில்ல. ரீச்சரும் ‘இரு’ எண்டு சொல்லல்ல, வேற புள்ளையக் கேக்கவுமில்ல. நிக்கிறா.

எங்கட புள்ளை என்ன செய்திச்சு தெரியுமா? கதிரையத் தள்ளிச்சு. நடுவுக்கு வந்திச்சு. தொப்பெண்டு நிலத்தில குந்தி, முதுக நேரா வச்சு, காலை நீட்டிச்சு. ரீச்சரப் பாக்குது.

எழுத்துத் தெரியும் அவளுக்கு! தெரியாததில்ல! தொடக்கத்தில இருந்து பாடாம, நேர அந்த எழுத்துக்கே வந்திற்றா!

பின்வரிசையில ஒரு பொட்டைப் புள்ளை மெதுவா, ‘மேல இருந்து வழுக்கி வாறன்…’ எண்டிச்சு. அதுக்குப் பக்கத்தில இருந்ததும் எண்டிச்சு. மறுகா முழு வகுப்பும். ரீச்சர் டக்கெண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிற்றா. பாடல்ல, அவ பாடல்ல. ஆனா கையில இருந்த டஸ்டர் பலகைச் சட்டத்தில தாளம் போடுது. எங்கட புள்ளை குந்தின இடத்தில இருந்து பாடுது அண்ணன். டக்கெண்டு குந்துறன் எண்டு முழுசாப் பாடுது. ஒரு இடத்தில நிக்கல்ல. இந்த முறை நான் கேட்டன்.

பாட்டு முடிய ரீச்சர் திரும்பினா. நேர யன்னலப் பாத்தா. நான் நிக்கிறன்.

என்ட ஒரு கையில சாப்பாட்டுப் பெட்டி. மற்றக் கையில போன்! எடுக்கல்ல அண்ணன், சத்தியமா எடுக்கல்ல, இந்தத் தொழில்காரனுக்கு அது எப்பவும் கையோட கிடக்கிற சாமான். அவட முகம் வெளிறிப் போயிற்று. சாப்பாட்டுப் பெட்டியையும் போனையும் அப்பிடியே யன்னல் கட்டில வச்சிட்டு, ரெண்டு கையையும் மேல தூக்கினன். ஒண்டுமில்ல, பாருங்க, வெறுங்கை எண்டு காட்ட. பொலிசுக்குத் தூக்கிற மாதிரி.

ஒரு பொடியன் உள்ள இருந்து கத்தினான், ‘ரீச்சர், ஆர்த்திகாட அப்பா “ப”!’

ரெண்டு கையும் மேல தூக்கினா ‘ப’வாம். எனக்கென்ன தெரியும்! வகுப்பே ‘ப… ப…’ எண்டு சிரிக்குது. என்ட மகளும் சிரிக்கிறா.

ரீச்சர் சிரிச்சாவா எண்டு கேக்காதீங்க. சிரிக்கல்ல. என்னோட இண்டு வரைக்கும் ஒரு சொல் கதைக்கவுமில்ல. மறுகா திரும்பி, என்னைப் பாத்துப் பாத்துக் கரும்பலகையில ‘ப’ எழுதத் தொடங்கினா. மெதுவா, பெரிசா. கையை இறக்கச் சொல்லல்ல.

நானும் இறக்கல்ல. அவ எழுதி முடியுமட்டும் அந்த வெயிலுக்க கையைத் தூக்கிக்கொண்டே நிண்டன்.